கொடி ஏறிய நாளிலிருந்து எண்ணிய மாதங்கள்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டதைத் தவிரப் பேனா பிடித்த வேலை அதிகம் இல்லை. வரி கோணலாகப் போகும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், பாதியில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பிரசவ வார்டுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லாம் நேரில் வந்து பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் நின்றால் இந்த வயதிலும் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அரியலூர் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தபோது எனக்குப் பதினேழு வயதோ பதினெட்டோ. சொந்த ஊர் பெரம்பலூர்ப் பக்கம். சுதந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். பிரசவ வார்டு என்று பெயர்தானே தவிர நாலு கட்டில் போட்ட ஒரு நீள அறை. ஒரே ஒரு நர்ஸம்மா. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எந்த இடத்திலும் தன் பெயர் வருவதை அவர் விரும்பியதில்லை.

இன்றைக்கு நீங்கள் கர்ப்பிணியிடம் தேதி கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கு எங்களிடம் வந்த பெண்களுக்குத் தேதி என்ற ஒன்று கிடையாது. "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?" என்று கேட்டால், "கடலை ஆஞ்சோம்ல, அதுக்கு மறுவாரங்க" என்பார்கள். "மாரியாயி தேருக்கு முன்னாடி" என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் விரல் கணுவில் மாதம் எண்ணுவோம். பெரும்பாலும் சரியாகவே வரும்.

சுதந்திரம் வந்த பிறகு இதில் ஒரு புது வழக்கம் புகுந்தது. "கொடியேத்தி பத்து நாள் கழிச்சு", "சுதந்திரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நர்ஸம்மாவுக்கு இது பிடிக்காது. "ஆடு குட்டி போட்டதைச் சொல்லு, அவரை பூத்ததைச் சொல்லு, ஊரே கூடின நாளை மட்டும் எங்கிட்டச் சொல்லாதே" என்பார். எனக்குப் புரியவில்லை. பெரிய நாள் என்றால்தானே நன்றாக நினைவில் நிற்கும்? அதற்கு முன்பு ஒரு பெரிய தலைவர் ரயிலில் அரியலூர் வழியாகப் போனார். வார்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவர் கையைத் தொட்டதாகச் சொன்னார்கள். "இத்தனை பேரும் தொட்டிருந்தா அந்த மனுஷன் கை தேஞ்சு போயிருக்கும்டி" என்று நர்ஸம்மா சொல்லுவார். நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம் ஆனி மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண்ணின் பெயரை மாற்றி அஞ்சலை என்று எழுதுகிறேன். தாய்வீடு அரியலூரிலேயே. கட்டிக்கொடுத்தது குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். புருஷன் மிலிட்டரியில் இருந்தார். வைகாசியில் கல்யாணம், ஆனியில் அவர் வடக்கே போய்விட்டார். ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம் அல்லவா, அப்படி அஞ்சலை அரியலூர் வந்திருந்த சமயத்தில்தான் சுதந்திரம் வந்தது. அன்றைக்கு அவள் புருஷன் ஒரே ஒரு நாள் வந்தார், மிலிட்டரி உடுப்போடு மைதானத்தில் நின்று கொடிக்குச் சல்யூட் அடித்தார், மறுநாள் ரயிலேறிவிட்டார். இது அரியலூரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வரவில்லை. வடக்கே எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மாதக் கணக்கில் அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

அஞ்சலையைத் தாய்க்காரி கூட்டிக்கொண்டு வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"பதினோராவது மாசங்க நர்ஸம்மா. வைகாசியிலேயே பொறந்திருக்கணும். இன்னும் வலியே எடுக்கல. திருச்சிக்குக் கொண்டுபோவச் சொல்றாங்க எல்லாரும்."

நாள் தாண்டிய வயிறு என்றால் அன்றைய நிலைமையில் பெரிய ஆபத்து. திருச்சிக்கு அனுப்பலாம். ஆனால் அந்த ரயிலிலேயே வலி கண்டுவிட்டால்? நர்ஸம்மா அவளைப் படுக்க வைத்து வயிற்றில் கையை வைத்து வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு, "எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே இருக்கட்டும்" என்றார். தாய்க்காரி அழுதாள், சத்தம் போட்டாள். அவர் அசையவில்லை. சில நாளில் வலி கண்டது. ஆண்பிள்ளை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. நான் குளிப்பாட்டினேன். நாள் தாண்டிப் பிறக்கிற பிள்ளைக்குத் தோல் உரிந்து சுருங்கிக் கிடக்கும். இது எண்ணெயில் முக்கி எடுத்தது போல வழவழப்பாக இருந்தது. எனக்கு அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை. நல்ல பிள்ளை என்று மட்டும் நினைத்தேன்.

சேதி போய், குன்னத்துப் பக்கமிருந்து மாமியார் வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். புருஷனை இழந்தவள். ஒரே மகன். கையில் ஒரு பொட்டலம் சர்க்கரை, பிள்ளையின் நாக்கில் தொட்டுச் சேனை வைப்பதற்கு. ஆனால் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையை உற்று உற்றுப் பார்த்தாள்.

"ஏன் நர்ஸம்மா, பதினோரு மாசம் வயித்துல கெடந்த புள்ளையாட்டம் தெரியலையே."

நர்ஸம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். நல்ல சேதி சொல்கிறோம் என்ற நினைப்பில் திரும்பிச் சிரித்தார். "யாரும்மா சொன்னது பதினோரு மாசம்னு? இது கணக்கா பத்து மாசத்துக் குழந்தை. நாள் எல்லாம் தாண்டலை."

மாமியார் பொட்டலத்தை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"பத்து மாசமா?" மாமியார் கட்டைவிரலை விரல் கணுக்களில் நகர்த்தினாள். ஆனி, வைகாசி, சித்திரை என்று பின்னால் எண்ணிக்கொண்டே போனாள். புரட்டாசியில் விரல் நின்றது. "எம்மவன் ஆடியிலேயே ரயிலேறிட்டானே."

மாமியார் தாய்க்காரி பக்கம் திரும்பினாள்.

"ஆவணியில இவ எங்க வூட்டுக்குத் திரும்பி வந்ததும் தூரமானா. கொட்டாயில ஒக்காந்திருந்தா, மூணு நாளும் நான்தான் சோறு கொண்டுபோய் வச்சேன். எம்மவன் போன பொறவு! இவ வயித்துல தங்கியிருக்குன்னு சொன்னப்பவே எனக்கு நெஞ்சுல குறுகுறுன்னு இருந்துச்சு. சிலபேருக்கு வயித்துல தங்குன பொறவும் ஒருதரம் அப்படிப் போவும்னு பக்கத்து வூட்டுக்காரி சொன்னா. சரின்னு வாய மூடிக்கிட்டேன். இப்பல்ல தெரியுது."

"என்னா பேசுறீங்க சம்பந்தி? நாக்குல நரம்பு இருக்கா?" என்று தாய்க்காரி எழுந்துவிட்டாள்.

"எனக்கு இருக்கு. உங்க வூட்டுப் பொண்ணுக்கு என்னா இருக்குன்னு கேளுங்க."

"உங்க மவன் வந்ததை ஊரே பார்த்துச்சு!"

"வந்ததை யாரு இல்லன்னா? வந்தது ஆடியில. புள்ளை வந்தது புரட்டாசியில. நடுவுல வந்தது யாருங்கறேன்."

அஞ்சலை பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெதுவாகப் பிள்ளையை எடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தாள். அது வீரிட்டு அழுதது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரிக் கிணறு இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா என் காதருகே வந்து, "அந்தப் பொண்ணை விட்டு ஒரு அடி நகராதே" என்றார். நான் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

மாமியார் எழுந்து சேலையை உதறினாள். "புள்ளையையும் நீங்களே வச்சுக்கங்க, பெத்தவளையும் நீங்களே வச்சுக்கங்க. எம்மவன் உசுரோட திரும்பி வரட்டும். வேற பொண்ணு பார்த்துக்கறேன்."

தாய்க்காரி நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாயே, நாள் தாண்டுன புள்ளைன்னு ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிடுங்களேன். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

அந்த இடத்தில் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். நர்ஸம்மா சொல்லவில்லை. அவர் சொன்னாலும் நிற்காது. ஆவணியில் கொட்டகைக்குச் சோறு கொண்டுபோனவள் எதிரே நிற்கிறாளே. அவர் அஞ்சலையிடம் போனார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அஞ்சலை, உன் வீட்டுக்காரர் வந்தது எப்ப? நல்லா யோசிச்சுச் சொல்லு. சுதந்திரத்தன்னைக்கா, வேற என்னைக்காவதா?"

வேறு நாள் என்று சொல்லிவிடு தாயே என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஒரே வார்த்தைதான், அவள் உயிர் அதில் தொங்கியது.

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். "சுதந்திரத்தன்னைக்குத்தாங்க. எம் பக்கத்துலயே நின்னாரு. கொடி ஏறுனதும் சல்யூட் அடிச்சாரு. பொய் சொல்லச் சொல்றீங்களா?"

இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. தன்னைக் குழியில் தள்ளுகிற சாட்சியத்தை அவளே சொன்னாள். பிடிவாதமாக, உண்மை பேசுகிற முகத்தோடு சொன்னாள்.

நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். "நீயும் அன்னைக்குப் போனியே. பார்த்தியா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. "பார்த்தேங்க" என்றேன். "தூறல் விழுந்துச்சு. தொப்பியிலேருந்து தண்ணி சொட்டச் சொட்டக் கையைத் தூக்கிச் சல்யூட் அடிச்சாரு. சட்டையில பித்தான் மின்னுச்சு."

"கேட்டுக்கங்க" என்றாள் மாமியார். "ஆஸ்பத்திரி ஆயாவே சொல்லுது. பித்தான்கூட மின்னுச்சாம்."

நான் அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு எதிராக நான் எதுவும் செய்ய நினைக்கவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னேன்.

நர்ஸம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசல்வரை போன மாமியாரை, "உட்காருங்கம்மா, மாடு தண்ணி குடிக்கட்டும், அப்புறம் போவீங்க" என்று சொல்லி உட்கார வைத்தார். கொடியைப் பற்றி ஒரு வார்த்தையும் அதற்கு மேல் கேட்கவில்லை.

"ஏன் அஞ்சலை, கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு எப்படிப் போனீங்க?"

"நடந்துதாங்க."

"இருட்டிடுச்சா?"

"இருட்டிடுச்சு. ஆனா நிலா, பட்டப்பகலாட்டம்." அவள் முகம் கொஞ்சம் மாறியது. "நான் முன்னாடி போனேங்க. அவரு பின்னால வந்தாரு. எம் நெழலை மிதிச்சு மிதிச்சு வெளையாடிக்கிட்டே வந்தாரு. வலிக்குதான்னு கேட்டாரு."

"நெழலை மிதிச்சாராம், நெழலை!" என்றாள் மாமியார். "பெத்தவ ஒருத்தி அங்க கெடக்காளேன்னு எட்டிப் பார்க்க நேரமில்ல, பொண்டாட்டி நெழலை மிதிக்க நேரமிருந்துச்சு."

நர்ஸம்மா அதைக் காதில் வாங்கவில்லை. தாய்க்காரியைப் பார்த்தார். "நீங்களும் கூடப் போயிருந்தீங்களா?"

"போவாம? ஆனா நான் காலையிலேயே போயிட்டேங்க. மறுநா அமாவாசை, ஆடி அமாவாசை. சந்தையில பூசணிக்காயும் வாழைக்காயும் வாங்கிட்டு அப்படியே கொடி பார்க்க நின்னேன். எவனோ கடங்காரன் இடிச்சான், பூசணிக்காய் கீழ விழுந்து நாலாப் போச்சு. எல்லாரும் ஜே போடறாங்க, நான் பூசணியைப் பொறுக்கிக்கிட்டு நிக்கிறேன். சுதந்திரம்னாலே எனக்கு அந்தப் பூசணிதாங்க ஞாபகம் வருது."

எனக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸம்மா சிரிக்கவில்லை. மாமியார் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுல ஆடி அமாவாசைக்கு யாரும்மா படைச்சது?"

"என்னா கேள்வி இது? செத்தவருக்கு மவன்தான் படைக்கணும். அவன் இல்ல. கொழுந்தனார் கையால படைச்சோம்."

"மகன் ஏன் படைக்கலை?"

"அவன்தான் வடக்க இருந்தானே!"

"முந்தின நாள் அரியலூர்ல இருந்தார்னு சொல்றீங்களே."

மாமியாரின் கட்டைவிரல் மறுபடி விரல் கணுவுக்குப் போனது. அவளுக்குச் சுதந்திர நாள் என்பது யாரோ சொல்லித் தெரிந்த நாள். அமாவாசை அவள் கையால் சமைத்த நாள். இரண்டும் அடுத்தடுத்த நாள் என்று அந்த நிமிஷம்வரை அவள் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

"அரியலூர்வரைக்கும் வந்தவன்..." என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "விடிஞ்சா அப்பனுக்குப் படையல்னு தெரிஞ்சும் ரயிலேறுவானா? அவன் அப்படிப்பட்ட புள்ளை இல்லையே."

"அப்ப நிலா?" என்றார் நர்ஸம்மா.

தாய்க்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. மகளிடம் பாய்ந்தாள். "ஏன்டி, அமாவாசைக்கு முந்தின நாள் ஏதுடி நிலா?"

"இருந்துச்சும்மா. நெழல் விழுந்துச்சே..." அஞ்சலை எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பயந்துபோனது நன்றாகத் தெரிந்தது. தன் புருஷனே தன் மனசிலிருந்து நழுவிப் போகிற மாதிரி.

"மாப்பிள்ளை வந்தப்ப நீங்க வீட்டுல என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று நர்ஸம்மா தாய்க்காரியைக் கேட்டார்.

"நானா? நான் படுத்துக் கெடந்தேங்க. காய்ச்சல். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து தலைமாட்டுல வச்சாரு..." சொல்லிக்கொண்டே வந்தவள் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, எனக்குக் காய்ச்சல் கண்டது புரட்டாசியில."

பிறகு எல்லாம் ஒன்றொன்றாக வந்தது. புரட்டாசியில் அம்மாவுக்கு முடியவில்லை என்று அஞ்சலை நாலு நாள் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அனுப்பி வைத்ததே மாமியார்தான். அந்தச் சமயம் பட்டணத்திலிருந்து ஒரு தலைவர் அரியலூர் வந்தார். அதே மைதானம், அதே மேளம். வருவதற்கு நேரமாகிவிட்டதால் சாயங்காலம் கொடி ஏற்றினார்கள். பட்டாளத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது கிடைத்த ஒரு ராத்திரியில் அவள் புருஷன் வந்து போயிருக்கிறார். அப்போது மாமியாரிடம் சொல்லவில்லை. தாயைப் பார்க்காமல் போய்விட்டான் என்று அவள் வருத்தப்படுவாளே என்று தாய்க்காரிதான் சொல்ல வேண்டாம் என்று தடுத்திருக்கிறாள். அதற்குள் ஊர்க்காரர்கள் அந்தச் சிப்பாயைத் தூக்கிச் சுதந்திர நாளில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அங்கேதானே சிப்பாய் நின்றால் அழகாக இருக்கும்? அஞ்சலையும் கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி, அங்கேயே அவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மாமியார் எழுந்து வெளியே போனாள். வண்டியைப் பூட்டச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தோம். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, விரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். அது சப்பியது. "பசி தாங்காது போல, அப்பன் மாதிரியே" என்று சொல்லிவிட்டு அஞ்சலையைப் பார்க்காமல், "அழுவுது பாரு, எடுத்துப் பால் குடு" என்றாள்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். சுதந்திரத்தன்று தூறல் விழுந்தது, அது எனக்கு நிச்சயம், என் தாவணி நனைந்தது. புரட்டாசிக் கூட்டத்துக்கும் நான் போயிருந்தேன், ஆஸ்பத்திரிக்காரர்களை முன்வரிசையில் நிற்க வைத்தார்கள். சிப்பாயைப் பக்கத்தில் பார்த்தது அன்றைக்காகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் தொப்பியிலிருந்து சொட்டிய தண்ணீர்? அதை யார் அங்கே வைத்தது? நர்ஸம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

"நான் பொய் சொல்லலைங்கம்மா" என்றேன்.

"தெரியும். அதுதான் பயமா இருக்கு" என்றார்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். அன்றிலிருந்து நர்ஸம்மா உறவுக்காரர்கள் காது கேட்க மாதக் கணக்குச் சொன்னதே இல்லை. தாயிடம் மட்டும், அவள் கேட்டால் மட்டும் சொல்வார். நீங்களும் அப்படியே இருங்கள். உங்கள் வாயில் வருகிற நல்ல சேதி அடுத்த கட்டிலில் கத்தியாக இறங்கும். கேட்கும்போது ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். பெரிய நாளைப் பற்றிக் கேட்காதீர்கள். அன்றைக்கு என்ன சமைத்தீர்கள், யாருக்கு உடம்பு முடியவில்லை, கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பூசணிக்காயை எவரும் வேறு நாளுக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. உறுதியாகச் சொல்கிறார்களே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். நானும் உறுதியாகத்தான் சொன்னேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

அடுத்த வருஷம் என்னைப் பெரம்பலூருக்கு மாற்றினார்கள். அம்மை குத்துகிறவரோடு துணைக்குக் கிராமம் கிராமமாகப் போக வேண்டும். குன்னத்துப் பக்கம் போனபோது அஞ்சலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூட மாமியார். கூடவே அந்தப் புருஷனும், லீவில் வந்திருந்தார். ஒரு கால் லேசாக இழுத்தது. வரிசையில் நின்ற பள்ளிக்கூட வாத்தியார் அவரிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தார்.

"சுதந்திரம் வந்தன்னைக்கு நீங்க எங்க சார் இருந்தீங்க? டில்லியிலயா?"

"இல்லீங்க. நம்ம அரியலூர்லதான் இருந்தேன். இவ பக்கத்துல நின்னேன். கொடி ஏறுச்சு, சல்யூட் அடிச்சேன்."

என் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. மாமியார் பக்கத்தில்தான் நிற்கிறாள். பிள்ளை அவள் இடுப்பில் இருக்கிறது. ஆனி, வைகாசி, சித்திரை என்று என் கட்டைவிரல் தானாகவே நகர்ந்தது. அஞ்சலை என்னைப் பார்த்தாள்.

மாமியார் சொன்னாள்: "ஆமா, ஊரே பார்த்துச்சே. மழைன்னுகூடப் பார்க்காம நின்னானாம். மறுநாளே ரயிலுக்கு ஓடிட்டான்." சொல்லிவிட்டுப் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். அவள் விரல் எதையும் எண்ணவில்லை. ஒரு வருஷத்துக்கு முன் அதே வார்த்தைக்காக அந்தப் பிள்ளையைத் தெருவில் விட இருந்தவள். அமாவாசையும் படையலும் எங்கே போயின?

அஞ்சலையைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "அவர் அன்னைக்கு நெசமா எங்க இருந்தாராம்?"

அவள் சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். "வடக்க, நாட்டை ரெண்டாப் பிரிச்ச எல்லையில ஏதோ ரயில் டேசன்ல காவலாங்க. ஒரு ரயிலு வந்து நின்னுச்சாம். கதவு தொறந்து கெடந்துச்சாம். யாரும் எறங்கலையாம். இவங்களை உள்ள போய்ப் பார்க்கச் சொன்னாங்களாம்." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. "ஒரே ஒருதரம்தாங்க சொன்னாரு, வந்த புதுசுல. அப்புறம் ஊர்ல எல்லாரும் அரியலூர் கதையைக் கேட்கக் கேட்க, அவரும் அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. இப்ப அவருக்கு அதுதாங்க நெசம். தூக்கமும் வருது."

"உனக்கு?"

"எனக்கும் தூறல்லதாங்க தெரியறாரு" என்றாள்.

எனக்கும் அப்படியேதான் தெரிகிறார். இதை எழுதுகிற இப்போதும் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நடக்காதது என்று தெரிந்தும் அழிக்க முடியவில்லை.

அதனால் உங்களில் யாராவது இதைச் சரிபார்த்துக் கொடுங்கள். பழைய பஞ்சாங்கம் கிடைத்தால், சுதந்திரம் வந்ததற்கு மறுநாள் ஆடி அமாவாசைதானா என்று பாருங்கள். அன்று அரியலூரில் தூறல் விழுந்ததா, புரட்டாசியில் தலைவர் வந்து கொடி ஏற்றியது நிஜம்தானா என்று அந்த ஊர்ப் பெரியவர்களைத் தனித்தனியே விசாரியுங்கள். நான் தப்பாக எழுதியிருந்தால் தயங்காமல் அடித்துத் திருத்துங்கள். குன்னத்துப் பக்கம் அந்த வீடு எது என்று மட்டும் தேடிப் போகாதீர்கள். அங்கே யாரிடமும் எதையும் கேட்காதீர்கள்.